ஜாக்கிக்குள் நின்ற எண்ணெய்

கேள்விக்காரி கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடியதை நான் ஒரே ஒரு நாள்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கே இரண்டு தடவை ஓடினாள். முதல் தடவை ஓடியது அவளுடைய தம்பிக்காக. அவன் பாரம் ஏற்றிய டிராக்டரோடு மேட்டு நிலத்திலிருந்து இறங்கப் போகிறான், அந்த டிராக்டரில் பிரேக் பிடிக்காது. அது எங்களுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. அவனிடம் சொல்லவும் வழியில்லை.

அதற்குள் போவதற்கு முன் அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் நடந்தது பாதி புரியாது.

என் பேட்டரிக் கடைக்கும் அவளுடைய ஆயில் கடைக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். காலையில் ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டதுமே அவளுடைய கேள்விகளும் ஆரம்பித்துவிடும். வந்தவன் யாராக இருந்தாலும் சரி. "வண்டி எது? அதுல பிரேக் எங்க இருக்கு, வெளியவா, எண்ணெய்க்குள்ளயா? இப்ப உள்ள என்ன ஊத்தியிருக்கு? பின்னால என்ன மாட்டி ஓட்டறீங்க?" சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் எனக்கே பதில் சொல்ல வேண்டும் போலிருக்கும். கேள்விக்காரி என்ற பெயர் அப்படி வந்ததுதான். அவளும் அதைக் கேட்டுச் சிரிப்பாளே தவிர, கேள்வியைக் குறைத்ததில்லை.

ஒரு ஆள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டான்: "ஒரு கேன் ஆயில் குடும்மா. என்னமோ பொண்ணு பாக்க வந்த மாதிரி விசாரிக்கிறியே."

"பொண்ணு பாக்கப் போனா இவ்வளவு கேக்க மாட்டேன். அது வாயத் திறந்து சொல்லிடும். உங்க வண்டி சொல்லுமா?" என்றாள்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். வலி மாத்திரை கேட்டு வருகிறவனிடம் வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்காமல் கொடுக்கக் கூடாது என்று அங்கே பழக்கியிருந்தார்கள். அந்தப் பழக்கம் கூடவே வந்துவிட்டது. புருஷன் சரக்கு எடுக்கவும் கொண்டுபோய்க் கொடுக்கவும் ஊர் ஊராக அலைகிறவன். கல்லாவும் கவுண்டரும் இவள் கையில். வந்த கொஞ்ச நாளிலேயே ஒரு சட்டம் போட்டாள். டிராக்டருக்கு ஹைட்ராலிக் ஆயில் வேண்டுமென்றால், வண்டிக்குள் இப்போது இருக்கும் எண்ணெயில் கொஞ்சம் சின்னப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வர வேண்டும். பாட்டில் இல்லையென்றால் எண்ணெய் இல்லை.

அவளுடைய கவுண்டரில் எப்போதும் மஞ்சளும் பழுப்புமாகப் பாட்டில்கள் வரிசையாக நிற்கும். ஒரு பெரியவர் அதைப் பார்த்துப் பரிசோதனைக்கூடம் என்று நினைத்து, சர்க்கரை பார்க்க வேண்டும் என்று வெறும் வயிற்றோடு வந்து நின்றதை நான் கண்ணால் கண்டேன். அதை வைத்து அவளை ஒரு வருஷம் ஓட்டினேன்.

பாட்டிலைத் திறந்து இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு சொட்டு வைத்துத் தேய்ப்பாள். முகர்வாள். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பாள். பால் மாதிரி கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கருகின வாசனை அடித்தால் எங்கேயோ சூடு தாங்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் எந்தக் கேன் என்று கை நீட்டுவாள்.

இதெல்லாம் எதற்கு என்று நான் கேட்டபோது எனக்கும் பாடம் எடுத்தாள். எங்கள் பக்கம் ஓடும் டிராக்டர்களில் ஒரே தொட்டி. கியருக்கும், பின்னால் தூக்கும் லிஃப்டுக்கும், பிரேக்குக்கும் ஒரே எண்ணெய். பிரேக் தகடுகள் அந்த எண்ணெய்க்குள்ளேயே முங்கி நிற்கின்றன. அதனால் அந்த எண்ணெய் கியர் தேயாதபடி வழுக்கவும் வேண்டும், பிரேக்கை மிதித்தால் தகடுகளைப் பிடிக்க விடவும் வேண்டும். மண் அள்ளும் இயந்திரத்துக்கு ஊற்றும் எண்ணெயை 'அறுபத்தெட்டு' என்று கேட்டு வாங்குவார்கள். அது அந்த எண்ணெயின் கெட்டித்தன்மைக்கான எண். பார்த்தால் இதுவும் அதுவும் ஒன்றுதான். ஊற்றினால் லிஃப்டும் தூக்கும். ஆனால் அந்த எண்ணெய்க்குப் பிரேக் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

சட்டமெல்லாம் சரிதான், அதைச் சொல்லும் வாய்தான் சரியில்லை என்பது என் கட்சி. "வர்றவங்கள இப்படி வெரட்டாதம்மா" என்று பல தடவை சொல்லிவிட்டேன். "தப்பானதக் குடுத்து அனுப்பறதுக்கு வெறுங்கையோட அனுப்பறது எவ்வளவோ மேல் அண்ணே" என்பாள்.

இனி அந்தப் பொது டிப்பரைப் பற்றி. விவசாயம் பார்க்கிற சிலர் கூட்டுச் சேர்ந்து வாங்கிய பெரிய டிரெய்லர் அது. நாற்சந்திக்குப் பக்கத்துக் காலி மனையில் நிற்கும். யாருக்குத் தேவையோ அவர்கள் தங்கள் டிராக்டரில் மாட்டி இழுத்துப்போவார்கள். திரும்பக் கொண்டுவந்து விடும்போது தொட்டியைத் தூக்கி, கீழே கட்டை முட்டுக் கொடுத்து, சாய்த்து நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். மழைத் தண்ணீர் தேங்கித் தகரம் துருப்பிடிக்கக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம். அடித் தகரத்தில் ஓட்டை போட்டால் தண்ணீர் தானாக வடிந்துவிடும் என்று இத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. இப்போது போட்டிருக்கிறார்கள்.

தொட்டியைத் தூக்குவது அடியில் இருக்கும் ஜாக்கி. டிராக்டரின் எண்ணெய் ஹோஸ் வழியாக அதற்குள் ஏறித் தள்ளினால்தான் தொட்டி மேலே போகும். தூக்கி நிறுத்திவிட்டு ஹோஸைப் பிடுங்கினால் அந்த எண்ணெய் ஜாக்கிக்குள்ளேயே நின்றுவிடும். அடுத்து வருகிறவன் ஹோஸை மாட்டித் தொட்டியை இறக்கும்போது அது அத்தனையும் அவனுடைய டிராக்டருக்குள் போகும். அவன் திரும்ப விடும்போது தன் எண்ணெயை விட்டுவிட்டுப் போவான். எண்ணெய்க்கு எண்ணெய் சரியாகப் போயிற்று, யாருக்கும் நஷ்டமில்லை என்று பேசிக்கொள்வார்கள்.

கேள்விக்காரிக்கு இது தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தாள். காரணம், கூட்டில் இருக்கிற எல்லோரும் அவளிடம்தான் வாங்குகிறார்கள், அதுவும் ஒரே எண்ணெய். "எல்லா வண்டியிலயும் ஓடறது நம்ம கடைச் சரக்குதான் அண்ணே, யாரோடது யாருக்குப் போனா என்ன?" என்று ஒரு நாள் பெருமையாகச் சொன்னாள். அவளுடைய கேள்விகளுக்கு நடுவில் ஒரு ஓட்டை இருந்தது என்றால் அது இதுதான்.

அன்று காலை நான் புனல் இரவல் கேட்க அவள் கடைக்குப் போயிருந்தேன். அப்போது சிக்கனம் வந்தார். கூட்டில் ஒருவர். தீக்குச்சியை இரண்டாகப் பிளந்து உரசுவார் என்று கேலி பேசுவார்கள். அதனால் அந்தப் பெயர். அவருடைய நிலம் முழுக்கச் சமதளம். கொஞ்ச நாளாக அவர் இந்தப் பக்கமே வரவில்லை. இப்போது கையில் பாட்டிலோடு வந்தார்.

"லிஃப்டு நடுங்குதும்மா. என்னன்னு பாரு" என்று கவுண்டரில் வைத்தார்.

அவள் திறந்து விரலில் வைத்துத் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். பிறகு கையைத் துணியில் துடைத்துவிட்டு மூன்றாவது தடவை தேய்த்தாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"இது நம்ம எண்ணெய் இல்லையே."

"இல்லதான். போன தடவ நான் பாட்டில் கொண்டு வரலன்னு திருப்பி அனுப்பிட்ட. அதோட விட்டியா? நாலு பேர் நிக்கும்போது, 'வயசு மட்டும் ஆயிடுச்சு, ஒரு சொட்டு எண்ணெய் எடுத்துட்டு வரத் தெரியல'ன்னு கேட்ட. எனக்கு ரோஷம் வந்துடுச்சு. மண்ணு அள்ற வண்டிக்காரன்கிட்ட அறுபத்தெட்டு வாங்கி ஊத்திட்டேன்."

அவள் முகம் சிவந்தது. ஆனால் வாய்ச் சண்டைக்குப் போகவில்லை. "பிரேக் முனகியிருக்குமே?" என்று மட்டும் கேட்டாள்.

"முனகலா? அலறுச்சு. தெருவே திரும்பிப் பார்த்துச்சு. அப்புறம் ஒருத்தன் சொன்னான், இஞ்சினுக்கு ஊத்தற வழுவழுப்பு மருந்து டின்ல விக்குது, எந்தச் சத்தத்தையும் அடக்கிடும்னு. அதையும் வாங்கி அதே தொட்டியில ஊத்தினேன். சத்தம் போயே போச்சு!" என்று சிக்கனம் பெருமையாகச் சிரித்தார்.

"சத்தத்தோட பிரேக்கும் போயிருக்குமே."

"மிதிச்சா கொஞ்சம் தள்ளித்தான் நிக்குது. நம்ம பக்கம் சமதளம்தானே, அதப் பெருசா எடுத்துக்கல."

"அது முனகினது, பிடிக்க முடியாம பிடிச்சதால. நீங்க வைத்தியம் பாக்கல, வாயப் பொத்திட்டு வந்திருக்கீங்க. இந்த மருந்து தகட்டுல ஒட்டிச்சுன்னா பிரேக் வழுக்கிக்கிட்டே இருக்கும்." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். அவளுடைய கடைசிக் கேள்வி, தினமும் சுவர் வழியாக எனக்குக் கேட்கும் அதே கேள்வி, அன்றைக்கு மெல்ல வந்தது. "பின்னால கடைசியா என்ன மாட்டி ஓட்டினீங்க?"

"பொது டிப்பர்தான். நேத்து சாயந்தரம் கொண்டாந்து, முறையா தூக்கி நிறுத்திட்டுப் போனேன். எவனாவது குத்தம் சொல்லட்டும் பாக்கலாம்."

"இப்ப அது அங்க நிக்குதா?"

"எங்க நிக்குது? உன் தம்பிதான் விடிஞ்சதும் மாட்டிக்கிட்டுப் போனான். மேட்டு நிலத்துல கிழங்கு மூட்டை ஏத்தணும்னான்."

அவள் பாட்டிலைக் கவுண்டரில் வைத்தாள். அது விளிம்பில் நின்று, சாய்ந்து, தரையில் விழுந்து உடைந்தது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு விஷயம் உறைக்கச் சற்று நேரம் பிடித்தது.

அவளுடைய தம்பியின் டிராக்டருக்குப் புது எண்ணெய் ஊற்றியது அவள்தான். தானே நின்று, பழையதை வடித்து, சொட்டுக் கூடச் சிந்தாமல் ஊற்றியிருந்தாள். அதற்குள்தான் காலையில் ஹோஸ் வழியாகச் சிக்கனத்தின் எண்ணெய், மருந்தும் கிருந்துமாக, இறங்கியிருக்கிறது. வெறும் டிப்பரோடு மேடு ஏறும்போது பிரேக்குக்கு வேலையே கிடையாது. அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இறங்கும்போதுதான் தெரியும். மூட்டை ஏற்றிய பெரிய டிப்பர் பின்னாலிருந்து தள்ளும். டிப்பருக்கென்று தனிப் பிரேக் கிடையாது. அந்தச் சாலை மூன்று வளைவு வளைந்து, கடைசியில் நேராக எடைமேடையின் கற்சுவரில் போய் முடிகிறது.

போன் போட்டாள். எடுத்தது தம்பியின் மனைவி.

"அவரு போனை சார்ஜ்ல போட்டுட்டு அப்படியே மறந்து போயிட்டாரு அண்ணி. ஏன், என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல. மூட்டை ஏத்தி முடிச்சிருப்பானா?"

"இந்நேரம் கிளம்பியிருப்பாரே. என்ன அண்ணி, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"தூசி" என்று சொல்லிப் போனை வைத்தாள். "அண்ணே, வேன எடுங்க."

என் வேனின் திறந்த பின்பக்கத்தில் பழைய பேட்டரிகள் ஏற்றியிருந்தன. "இதெல்லாம் இறக்கிட்டு..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவள் முன்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திவிட்டாள். சிக்கனம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "கடையப் பாத்துக்குங்க" என்று அவரிடம் சொன்னாள். அந்தக் கடையை, அந்த நேரத்தில், அவரிடம்தான் விட்டுவிட்டுப் போனோம்.

வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள், என்னிடம் இல்லை. "நான்தான் அவன்கிட்ட சொன்னேன். புது எண்ணெய் ஊத்தியாச்சு, பிரேக் கல்லு மாதிரி பிடிக்கும், இனிமே பயந்து பயந்து இறங்காதன்னு சொன்னேன். அவன் சின்ன கியர்ல வரமாட்டான் அண்ணே. என்ன நம்பி வேகமா வருவான்."

"இப்ப அழுது என்னம்மா ஆகப் போகுது?"

"அழல. யோசிக்கிறேன்." அழுதுகொண்டேதான் சொன்னாள். "அந்த மனுஷன நான் அன்னிக்கு வெறுங்கையோட அனுப்பாம இருந்திருந்தா..."

வெறுங்கையோடு அனுப்புவது எவ்வளவோ மேல் என்று அவளே சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. ஆக்சிலேட்டரை மட்டும் அழுத்தினேன். என் வேனும் வயதானதுதான், மேட்டில் இருமியது. எடைமேடையைத் தாண்டினோம். கீழ் வளைவில் இடது வலது பார்க்காமல் திரும்பினேன். அதற்கு மேலே சாலையோரமாகப் புதிதாக உழுது போட்ட நிலம் ஒன்று, வரப்பு இல்லாமல், மெதுவாக மேல்நோக்கி ஏறிப் போனது. அவள் தலையைத் திருப்பி அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். எதற்கு என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

நடு வளைவைத் தாண்டியதும் மேலே பார்த்தேன். அவன் வந்துகொண்டிருந்தான். டிப்பரில் மூட்டைகள் கூம்பாக ஏற்றியிருந்தன. மேல் வளைவைத் திரும்பி எங்களை நோக்கி நீளமான இறக்கத்தில் இறங்கத் தொடங்கியிருந்தான்.

வேனை ஓரம் நிறுத்திவிட்டு, ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி நிறுத்தச் சொல்லி ஆட்டப் போனேன். அவள் பாய்ந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். நகம் பதிந்துவிட்டது.

"கை காட்டாதீங்க! நிறுத்துன்னு காட்டினா என்ன பண்ணுவான்? பழக்கத்துல பிரேக்கையும் கிளட்சையும் சேத்து மிதிப்பான். பிரேக் பிடிக்காது. கிளட்ச்ல கால் பட்டா இஞ்சின் பிடிச்சிருக்கறதும் விட்டுப் போயிடும். இப்ப அவன தாங்கிட்டு இருக்கறது இஞ்சின் ஒண்ணுதான்."

"அப்ப என்னதான் பண்றது?"

"வண்டியத் திருப்புங்க. அவனுக்கு முன்னால, அவன் போற பக்கமே போகணும். நான் பின்னால ஏறி நின்னு சொல்றேன்."

"அவன் வந்து என் வேன்மேல ஏறினா?"

"ஏறாத மாதிரி ஓட்டுங்க!"

எனக்குக் கோபம் வந்தது. உயிர் பயம் வந்தாலே எனக்குக் கோபம்தான் முதலில் வரும். திட்டிக்கொண்டே திருப்பினேன். அந்தக் குறுகலான சாலையில் எப்படித் திருப்பினேன் என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பேட்டரிகள் ஒரு பக்கமாகச் சரிந்து இடித்தன. அதற்குள் அவள் இறங்கிப் பின்னால் ஏறி, பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேட்டரிகளுக்கு நடுவில் நின்றுவிட்டாள்.

கண்ணாடியில் டிராக்டரின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. தம்பி அக்காவைப் பார்த்துவிட்டான். சிரித்தான். ஒரு கையைத் தூக்கி ஆட்டினான். அக்கா ஏதோ வேடிக்கை பண்ணுகிறாள் என்று நினைத்திருப்பான். எங்கள் வேன் முன்னால் மெதுவாகப் போவதைப் பார்த்து, வேகத்தைக் குறைக்கப் பிரேக்கை மிதித்தான். அதை நான் அவன் முகத்தில்தான் பார்த்தேன். சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறிப்போயிற்று. மறுபடி மிதித்தான். அடுத்ததாக இடது கால் கிளட்சுக்குத்தான் போகும்.

"கிளட்ச்ல கால வெக்காதடா!" என்று அவள் கத்தினாள். டிராக்டர் சத்தத்தில் அது எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. அவன் என்ன என்று தலையை ஆட்டினான். காதைக் காட்டினான்.

அப்போது அவள் குனிந்தாள். இரண்டு செருப்பையும் கழற்றி, ஒரு கையால் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். பிறகு வெறுங்காலில் ஒன்றைத் தூக்கி, அதைத் தட்டித் தட்டிக் காட்டிவிட்டு, செருப்பைச் சாலையோரம் வீசி எறிந்தாள். காலை எடு, காலை எடு என்று அர்த்தம். நல்ல யோசனைதான். ஆனால் எதிரே இருந்து பார்க்கிறவனுக்கு அது என்னவாகத் தெரிந்திருக்கும்? நடுரோட்டில், வேன்மேல் ஏறி நின்று, சொந்த அக்கா தம்பிக்குச் செருப்பைத் தூக்கிக் காட்டுகிறாள்.

அவன் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தான். ஆனால் டிராக்டர் கியரிலேயே வந்தது. இஞ்சின் அலறியது, ஆனாலும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. நடு வளைவில் நான் திரும்பினேன், அவனும் திரும்பினான். டிப்பர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மனசு வந்து நிமிர்ந்தது. இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் படுத்தால் இடிக்கும், அவ்வளவுதான் இடைவெளி. வேகமாகப் போனால் அவனை விட்டு விலகிவிடுவோம், மெதுவாகப் போனால் நசுங்குவோம். என் வேட்டி தொடையோடு ஒட்டிக்கொண்டது. அந்த நிமிஷம் அவளைப் பக்கத்துக் கடைக்காரியாகக் கொடுத்த விதியைத்தான் நான் திட்டிக்கொண்டிருந்தேன்.

உழுத நிலம் வந்தது. போகும்போது அவள் வைத்த கண் வாங்காமல் பார்த்துவந்த நிலம். இரண்டு கையையும் நீட்டி அதைக் காட்டினாள். "உள்ள விடு! மண்ணுல விடு!" என்று கத்திக்கொண்டே என் முதுகுப் பக்கத் தகரத்தைக் குத்தினாள். "போங்கண்ணே, இப்ப போங்க, வேகமா போங்க!"

அழுத்தினேன். கண்ணாடியில் டிராக்டர் சட்டென்று பக்கவாட்டில் திரும்பியது. முன்சக்கரங்கள் மண்ணில் புதைந்து எகிறின. பின்சக்கரங்கள் புதைந்தன. டிப்பர் அதன்பின்னாலேயே வந்து, ஒரு சக்கரம் தூக்கி, ஒரு கணம் யோசித்துவிட்டுப் படுத்தது. மூட்டைகள் பிரிந்து கிழங்கு நிலமெங்கும் உருண்டது. புழுதி எழுந்தது. இஞ்சின் இரண்டு இருமல் இருமி நின்றது.

நான் வேனை நிறுத்தினேன். கதவைத் திறந்து இறங்கினேன். அவள் எனக்கு முன்னால் குதித்து, வெறுங்காலோடு கட்டிகளில் இடறி இடறி ஓடிக்கொண்டிருந்தாள். புழுதி மெல்ல அடங்கியது. உள்ளே டிராக்டர் நிமிர்ந்து நின்றது. அதன்மேல் அவன் உட்கார்ந்திருந்தான்.

ஸ்டீயரிங்கைப் பிடித்த கையை அவனால் எடுக்க முடியவில்லை. அவள் ஏறி ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள். உதடு கிழிந்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"அக்கா, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றான்.

"என்னடா?"

"செருப்பத் தூக்கிக் காட்டினியே."

"கால எடுன்னு சொன்னேன்டா மடையா. கிளட்ச மிதிக்காதன்னு சொன்னேன்."

"அதெல்லாம் எனக்கு எங்க புரிஞ்சுது? நீ செருப்பத் தூக்கினதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. கிளட்சுக்குப் போன கால் அந்தரத்துலயே நின்னுடுச்சு. அப்பா காலத்துலகூட நீ என்ன அடிச்சதில்லையேன்னு நினைச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கிழங்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து சிரித்தேன். சிரிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், முகத்தைத் தொட்டால் ஈரமாக இருந்தது. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. அந்த நிமிஷம் அவன் எனக்கும் தம்பிதான்.

அவள் சிரிக்கவில்லை. டிராக்டரின் பின்பக்கம் போய், எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி, நுனியில் இருந்ததை விரலில் தேய்த்தாள். முகர்ந்தாள். அங்கேயே நின்றாள்.

"நீ ஊத்தின எண்ணெய்தானேக்கா?" என்று தம்பி கேட்டான். அவன் குறை சொல்லிக் கேட்கவில்லை. நம்பிக் கேட்டான்.

அவள் உழுத மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நான் ஊத்தினதும் இருக்குடா. நான் விரட்டினதும் இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு அவள் அழுத அழுகையை எழுதி ஆகப் போவது ஒன்றுமில்லை. நான் தூரமாகப் போய் மூட்டை பொறுக்குவது போல நின்றேன்.

தம்பியை வீட்டில் விட்டுவிட்டு, அவன் மனைவியிடம் வாங்க வேண்டிய பேச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு, நாங்கள் கடைக்குத் திரும்பினோம். அவள் காலில் செருப்பு இல்லை. தேடிப் பார்க்கலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள்.

சிக்கனம் கடையில்தான் இருந்தார். கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டேயிருந்தார், நாற்காலியில் உட்காரவில்லை. கீழே கொட்டிய எண்ணெயைத் துடைத்து, பாட்டில் சில்லுகளைக் கூட்டி ஓரமாகக் குவித்திருந்தார். எங்களைப் பார்த்ததும், "பையன்?" என்றார்.

"இருக்கான்" என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவரை அவள் என்ன சொல்லப் போகிறாளோ என்று நான் நடுவில் போய் நிற்கத் தயாராக இருந்தேன். அவள் தண்ணீர்ச் சொம்பை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் குடித்தார். பிறகு, செய்த தப்புக்கு ஏதாவது ஈடு கட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தில் சொன்னார்:

"கடைய நல்லபடியாத்தான் பாத்துக்கிட்டேம்மா. நடுவுல ஒருத்தன் வந்தான், புது ஆளு. டிராக்டருக்கு ஆயில் வேணும்னான். பாட்டில் எங்கன்னேன். முழிச்சான். பாட்டில் இல்லாம இங்க எண்ணெய் கிடையாது, போய் எடுத்துட்டு வான்னு விரட்டி விட்டுட்டேன். நீ இருந்தா என்ன சொல்லியிருப்பியோ, அதையேதான் சொன்னேன்."

அவள் சட்டென்று வாசல் பக்கம் திரும்பினாள்.

"எந்தப் பக்கம் போனான்?"

"மண்ணு அள்ற வண்டி நிக்குமே, அந்தப் பக்கமாத்தான்... ஏம்மா, தப்பா சொல்லிட்டேனா?"

அவள் அலமாரியிலிருந்து ஒரு காலிப் பாட்டிலை எடுத்தாள். வெறுங்காலோடு தெருவில் இறங்கி, "ஏங்க! எண்ணெய்க்கு வந்தவரே! நில்லுங்க, நானே வந்து எடுத்துக்கறேன்!" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

நான் வேனை மறுபடியும் ஸ்டார்ட் செய்தேன்.